தியோரிடாசின்: ஒரு சாதுவான மாத்திரையின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பரீட்சை முடிந்துவிட்டது, எனக்கு எழுத நேரம் இருக்கிறது. உங்களுக்குப் படிக்க நேரம் இருந்தால் தொடருங்கள்.

போன செமஸ்டரில் பார்மகாலஜி பாடத்தில் ஒரு அட்டவணை வந்தது. மனச்சிதைவு நோய்க்கான மருந்துகள் இடப்பக்கம் வரிசையாக, பக்க விளைவுகள் மேலே வரிசையாக, நடுவில் எல்லாம் கூட்டல் குறிகள். ஒரு கூட்டல் என்றால் குறைவு, மூன்று கூட்டல் என்றால் அதிகம். நானும் அறைத் தோழனும் ராத்திரி ஒரு மணிக்கு அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். அதில் தியோரிடாசின் என்று ஒரு பெயர். கைகால் நடுக்கம்: ஒரு கூட்டல். இதயம்: மூன்று கூட்டல். "வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்" என்று சீனியர் சொன்னதால் அடிக்கோடு போட்டு வைத்தேன். கேட்டார்கள், சொன்னேன், மார்க் வந்தது. அத்தோடு மறந்தும் போனேன்.

திரும்ப நினைக்க வைத்தவர் என் அத்தை. அப்பாவின் அக்கா. பத்து வருடத்துக்கு மேலாக மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். (என்ன மாத்திரை என்று இங்கே எழுதப் போவதில்லை. தியோரிடாசின் இல்லை என்பது மட்டும் போதும்.) மாத்திரையோடு நன்றாகத்தான் இருந்தார். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். ஒரு நாள் வாட்ஸப்பில் யாரோ ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். மனநோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் மாரடைப்பில் சாகிறார்கள், டாக்டர்கள் இதை மறைக்கிறார்கள் என்று. அத்தை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. அதன் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். அப்புறம் நடந்தது எல்லாம் வீட்டு விஷயம், வேண்டாம்.

அப்பா என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "நீ மருந்துக்குத்தானே படிக்கிற? அதுல போட்டிருக்கிறது உண்மையா, பொய்யா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தச் செய்தியில் பாதி பொய். ஆனால் மீதிப் பாதி பொய் இல்லை. அதனால் நூலகத்தில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன், அடிக்கோடு போட்ட அந்த மூன்று கூட்டலிலிருந்து.

முதலில் மாரடைப்பு என்ற வார்த்தையை ஓரமாக வைத்துவிடுவோம். நம் ஊர் பேப்பரில் யார் திடீரென்று இறந்தாலும் மாரடைப்பு என்றுதான் போடுவார்கள். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. இந்தக் கதையில் வருவது வேறு. குழாய் நன்றாக இருக்கிறது, தசை நன்றாக இருக்கிறது, மின்சாரம்தான் தடுமாறுகிறது.

இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின்சார அலை. அலை ஓடியவுடன் செல்கள் காலியாகின்றன. அடுத்த துடிப்புக்கு முன் அவை மறுபடி பழைய நிலைக்கு வரவேண்டும். கழிவறை ஃப்ளஷ் டேங்க்கை நினைத்துக்கொள்ளுங்கள் (மன்னிக்கவும், எங்கள் சார் சொன்ன உதாரணம் இது, இதைவிட நல்லது கிடைக்கவில்லை). ஒரு தடவை அழுத்தினால் தொட்டி நிரம்பும் வரை காத்திருக்கவேண்டும். ஈ.சி.ஜி.யில் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று மேடு பள்ளங்களுக்குப் பெயர் வைத்தவர் நெதர்லாந்தின் ஐந்தோவன். 1924ல் நோபல் பரிசு வாங்கினார். அதில் க்யூவின் தொடக்கத்திலிருந்து டியின் முடிவு வரை உள்ள நேரம்தான் இதயத்தின் கீழறைகள் காலியாகித் திரும்ப நிரம்பும் நேரம். க்யூ.டி. இடைவெளி என்பார்கள். துடிப்பு வேகமானால் இது சுருங்கும், மெதுவானால் நீளும். அதனால் வேகத்துக்குத் தக்கபடி சரிசெய்து பார்க்க 1920லேயே பாஸெட் ஒரு சூத்திரம் கொடுத்தார். இன்றைக்கும் பல ஈ.சி.ஜி. மெஷின்கள் அதைத்தான் போடுகின்றன. ஆண்களுக்கு 450 மில்லிசெகண்டுக்கு மேல், பெண்களுக்கு 460க்கு மேல் போனால் நீளம் என்று பொதுவாகச் சொல்வார்கள். 500ஐத் தாண்டினால் டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

ஏன் என்றால், தொட்டி மெதுவாக நிரம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு செல் தன்பாட்டுக்கு இன்னொரு தடவை அழுத்திவிடலாம். அப்போது கீழறைகள் கட்டுப்பாடில்லாமல் வேகவேகமாகத் துடிக்கும். ஈ.சி.ஜி.யில் கோடு ஒரு அச்சைச் சுற்றி முறுக்கிய கயிறு மாதிரி போகும். ரத்தம் வெளியே போகாது. ஆள் மயங்கி விழுவார். பெரும்பாலும் சில விநாடிகளில் தானாக நின்றுவிடும், எழுந்துவிடுவார். நிற்கவில்லை என்றால் உயிர் போகும். பிரேதப் பரிசோதனையில் ஒன்றுமே தெரியாது. மின்சாரம் போன வீட்டில் கம்பியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எப்போது போனது என்று தெரியுமா? அந்த மாதிரி.

இந்தக் கடைசி விஷயம் கதையில் முக்கியம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். 1950 டிசம்பரில் பிரான்சின் ரோன்-புலாங்க் கம்பெனியில் பால் ஷார்பாந்தியே என்ற வேதியியலாளர் குளோர்புரோமசினைத் தயாரித்தார். ஆன்ரி லபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர் அதை ஆபரேஷன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இது மனதை அமைதிப்படுத்துகிறதே என்று கவனித்தார். 1952ல் பாரிஸின் சான்ட் ஆன் மருத்துவமனையில் ஜான் தெலே, பியர் தெனிக்கர் இருவரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டிப்போட்டு, ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து சமாளித்துக்கொண்டிருந்த வார்டுகளில் நோயாளிகள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். 1954ல் அமெரிக்காவுக்கும் போனது. அதன் பிறகு நடந்ததைப் புரட்சி என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிறது. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் நோயாளிகள் நடுங்கினார்கள். கை நடுக்கம், உடல் இறுக்கம், முகபாவமே இல்லாத முகம், நிலைகொள்ளாமல் இங்கும் அங்கும் நடப்பது. வார்டுக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படும் பக்க விளைவு இது. நடுக்கம் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்த மருத்துவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். எனவே நடுக்கம் தராத மருந்தை எல்லாக் கம்பெனிகளும் தேடின. ஸ்விட்சர்லாந்தின் சான்டோஸ் கம்பெனிக்கு அது கிடைத்தது. 1959ல் சந்தைக்கு வந்தது. மெல்லரில் என்று வணிகப் பெயர் (தமிழில் கேட்டால் "மெல்ல" என்று தொடங்குகிறது, பொருத்தமாகத்தான் இருக்கிறது). வேதிப்பெயர் தியோரிடாசின்.

நடுக்கம் மிகக் குறைவு. தூக்கம் கொஞ்சம் வரும், வாய் உலரும், அவ்வளவுதான் என்று நம்பினார்கள். அதனால் இது சாதுவான மருந்து என்று பெயர் எடுத்தது. மனச்சிதைவுக்கு மட்டும் இல்லை; பதற்றத்துக்கு, தூங்காத முதியவர்களுக்கு, மறதி நோய் வந்து ராத்திரியில் அலையும் பாட்டிகளுக்கு, அடங்காத குழந்தைகளுக்குக்கூட எழுதிக்கொடுத்தார்கள். யாருக்கு இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருக்குமோ அவர்களுக்கே, சாது என்ற காரணத்தால், இது அதிகமாகப் போய்ச் சேர்ந்தது.

எச்சரிக்கை வர எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? நான்கு வருடம். 1963ல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் கெல்லி, ஃபே, லாவர்ட்டி என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். தியோரிடாசின் ஈ.சி.ஜி.யை எப்படி மாற்றுகிறது என்பதுதான் விஷயம். ஈ.சி.ஜி. மாற்றத்தோடு இறந்துபோன இரண்டு நோயாளிகள் பற்றித் தலைப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடமே மான்ட்ரியாலின் தாமஸ் பானும் அவருடைய சக ஆய்வாளரும் அதே இதழில் இந்தக் குடும்பத்து மருந்துகளுக்கும் ஈ.சி.ஜி.க்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். ஆக 1964க்குள் விஷயம் அச்சில் வந்துவிட்டது. ஒளித்து வைத்த ஆவணம் இல்லை, எந்த மருத்துவக் கல்லூரி நூலகத்திலும் எடுத்துப் படித்திருக்கக் கூடியது.

மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை வந்தது 2000 ஜூலையில். நடுவில் முப்பத்தேழு வருடம்!

இந்த இடத்தில்தான் வாட்ஸப் செய்தி "மறைத்தார்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. படிக்கப் படிக்க அது அவ்வளவு எளிதாக இல்லை. மறைக்கவேண்டிய அவசியமே வரவில்லை என்பதுதான் விஷயம், யாரும் கேட்கவில்லை.

மனநோயாளி திடீரென்று இறந்தால் அதற்கு ஒரு விளக்கம் தயாராக இருந்தது. 1849ல், எந்த மாத்திரையும் பிறக்காத காலத்தில், அமெரிக்காவின் மக்லீன் மனநலக் காப்பகத்தில் இருந்த லூதர் பெல் என்ற மருத்துவர், கடும் வெறியும் காய்ச்சலுமாக வந்து சில வாரங்களில் இறந்துபோகும் நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். அது உண்மையான நோய்தான். ஆனால் நூறு வருடம் கழித்து அது வசதியான பதிலாக மாறியது: மாத்திரைக்கு முன்பும் காப்பகங்களில் இப்படிச் செத்தார்கள், இப்போதும் சாகிறார்கள், இதில் மாத்திரையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? பிரேதப் பரிசோதனையில் வேறு ஒன்றும் தெரியவில்லையே! ஒன்றும் தெரியாததுதான் தடயம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

ஈ.சி.ஜி. மாற்றத்துக்கும் ஒரு சமாதானம் இருந்தது. டி அலை தட்டையாகிறது, பிளக்கிறது, பொட்டாசியம் கொடுத்தால் திரும்பவும் ஒழுங்காகிறது. அப்படியென்றால் இதயம் கெடவில்லை, கோடு மட்டும்தான் மாறுகிறது, தீங்கில்லாதது என்றார்கள். இன்றைக்குப் படிக்கும்போது அந்தப் பொட்டாசியம் என்ற வார்த்தையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. விடையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

இதே மருந்தின் கண் பிரச்சினையை ஒப்பிட்டுப் பாருங்கள். தியோரிடாசின் அதிக அளவில் போனால் விழித்திரையில் நிறமி படிந்து பார்வை கெடும். சான்டோஸ் அதற்கு முன் சோதித்த ஒரு நெருங்கிய உறவுக்கார மருந்து கண்ணைக் கெடுத்ததால் சந்தைக்கே வரவில்லை. அதனால் தியோரிடாசினிலும் கண் விஷயம் சீக்கிரமே தெரிந்தது, ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. பல வருடம் அந்த மருந்துக்கு இருந்த அந்த வரம்பு கண்ணுக்காக, இதயத்துக்காக இல்லை. பார்வை மங்கியவர் மறுநாள் வந்து டாக்டரிடம் "கண் தெரியலை" என்று சொல்ல முடிந்தது. இதயம் முறுக்கிக்கொண்டவரால் அது முடியவில்லை.

இன்னொரு நியாயமான காரணமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். 1963ல் அந்த முறுக்குக் கோட்டுக்குப் பெயரே கிடையாது. 1966ல்தான் பாரிஸில் பிரான்சுவா தெசர்தென் என்ற இதய மருத்துவர், இதய மின்தடை வந்த எண்பது வயது மூதாட்டியின் ஈ.சி.ஜி.யில் அதைப் பார்த்து "டோர்சாட் டி பாயின்ட்" என்று பெயர் வைத்தார். முனைகளின் முறுக்கு என்று அர்த்தம். அதற்கு முன் 1957ல் நார்வேயில் யெர்வெல், லாங்க-நீல்சன் இருவரும் பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகள் மயங்கி விழுந்து திடீரென்று இறந்துபோன ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தைகளுக்கு க்யூ.டி. மிக நீளம். 1964ல் செல்சர், ரே என்ற இருவர், இதய ஒழுங்கின்மைக்கே கொடுக்கும் குவினிடின் மருந்து சிலரை மயங்கி விழவைப்பது ஏன் என்று ஈ.சி.ஜி.யில் பிடித்தார்கள். காது கேளாத குழந்தைகள், குவினிடின் நோயாளிகள், பாரிஸ் மூதாட்டி, கனடாவின் மனநல வார்டு. நாலும் ஒரே விஷயம். ஆனால் நாலும் நாலு வேறு இதழ்களில், நாலு வேறு துறைக்காரர்கள் படிக்கும்படி கிடந்தன. இதய மருத்துவர் மனநல வார்டுக்கு வருவதில்லை. மனநல மருத்துவர் ஈ.சி.ஜி. எடுப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தது மனநல மருந்து இல்லை, ஒரு தும்மல் மாத்திரை! டெர்ஃபெனடின். தூக்கம் வராத அலர்ஜி மருந்து என்று 1985ல் அமெரிக்காவில் அறிமுகமாகி லட்சக்கணக்கானோர் சாப்பிட்டது. 1990ல் 39 வயதுப் பெண் ஒருவருக்கு இந்த மாத்திரையோடு பூஞ்சை மருந்து கீட்டோகோனசோலும் சேர்ந்ததால் முறுக்குக் கோடு வந்ததாகக் கட்டுரை வெளியானது. இரண்டே வருடத்தில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை. 1998ல் மருந்தே போய்விட்டது. அறிமுகத்திலிருந்து எச்சரிக்கைக்கு ஏழு வருடம். தும்மலுக்கு மாத்திரை சாப்பிட்ட ஆரோக்கியமான பெண் மயங்கி விழுந்தால் ஏன் என்று கேட்க ஆள் இருந்தது. (முழுக்க நியாயமான ஒப்பீடு இல்லை என்று எனக்கும் தெரியும். 1990ல் தெரிந்த அளவு 1963ல் தெரியாது. ஆனால் 1966லேயே பெயர் வைத்தாகிவிட்டதே?)

இப்போது பொட்டாசியம். பழ ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்பவர்கள் 1960களில் ஒரு விநோத ஈயைக் கண்டுபிடித்தார்கள். ஈதர் கொடுத்து மயக்கினால் அதன் கால்கள் உதறும். அந்தக் காலத்து கிளப்களில் ஆடிய கோ-கோ நடனம் மாதிரி இருந்ததால் அந்த மரபணுவுக்கு "ஈதர்-அ-கோ-கோ" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பழ ஈக்காரர்களுக்குக் குறும்பு ஜாஸ்தி. 1994ல் வார்ம்கி, கனெட்ஸ்கி இருவரும் மனிதனிடம் அதற்கு உறவான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதன் சுருக்கப் பெயர் ஹெர்க். 1995ல் சாங்குனெட்டி, கீட்டிங் குழுவினர் அதை இதயத்தோடு இணைத்தார்கள். ஹெர்க் உண்டாக்கும் புரதம் இதயச் செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வாசல். பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் பழைய நிலைக்கு வரும், அதாவது தொட்டி நிரம்பும். இந்த வாசலின் உட்புறம் கொஞ்சம் அகலம். பலவகை மருந்து மூலக்கூறுகள் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும். டெர்ஃபெனடின் அடைக்கிறது. தியோரிடாசினும் அடைக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் அடைப்பு இன்னும் மோசமாகும், கொடுத்தால் தளரும். 1960களில் பொட்டாசியம் கொடுத்ததும் கோடு சரியானது இதனால்தான்.

இதற்குள் வேறு மருந்துகளும் மாட்ட ஆரம்பித்திருந்தன. பிமோசைட் பற்றி 1990ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. டென்மார்க்கின் லுண்ட்பெக் கம்பெனியின் செர்டின்டோல் 1996ல் பிரிட்டனுக்கு வந்து, 1998 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. இந்தச் சூழ்நிலையில் ஃபைசர் கம்பெனி சிப்ராசிடோன் என்ற புது மருந்தோடு அமெரிக்க எஃப்.டி.ஏ.விடம் போனது. 1998ல் எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை. உன் மருந்து க்யூ.டி.யை நீட்டுகிறது, மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டு எவ்வளவு என்று காட்டு என்றது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப ஆச்சரியமான பகுதி. ஃபைசர் ஆறு மருந்துகளை ஒரே முறையில் அளந்தது, ஒவ்வொன்றும் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து. ஹாலோபெரிடால் க்யூ.டி.யைச் சராசரியாக சுமார் 5 மில்லிசெகண்ட் நீட்டியது. சிப்ராசிடோன் சுமார் 20. தியோரிடாசின் சுமார் 36. யாரை நிறுத்தி விசாரித்தார்களோ அவரைவிடப் பக்கத்தில் ஒப்பீட்டுக்காக நிறுத்தியவர் மேல் பெரிய குற்றம்! நாற்பது வருடமாகச் சாது என்று பெயர் வாங்கிய மாத்திரையை, இதயத்துக்காக இவ்வளவு கவனமாக மற்ற மருந்துகளோடு வரிசையில் நிறுத்தி அளந்தது, இன்னொரு கம்பெனி தன் சொந்த மருந்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தபோதுதான். சிப்ராசிடோனுக்கு 2001 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது.

அதே 2000ம் வருடம் மார்ச்சில் லான்செட் இதழில் நியூகாசிலைச் சேர்ந்த ரெய்லி குழுவினரின் ஆய்வு வந்தது. அவர்கள் செய்தது ரொம்ப எளிமையான வேலை. மனநல மருந்து சாப்பிடும் 495 பேருக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். 40 பேருக்கு, அதாவது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு, க்யூ.டி. அசாதாரணமாக நீளம். முதியவர்கள், டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவர்கள், தியோரிடாசின் அல்லது டிரோபெரிடால் சாப்பிடுபவர்கள், அதிக டோஸில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இதற்கு ஹெர்க் தேவையில்லை, புதுக் கருவி தேவையில்லை. 1963லேயே செய்திருக்கலாம். 2002ல் அதே குழு, வட கிழக்கு இங்கிலாந்தின் மனநல மருத்துவமனைகளில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 69 பேரை மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டது. இறந்தவர்களிடையே தியோரிடாசினோடு உள்ள தொடர்பு ஐந்து மடங்குக்கு மேல்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 2000 ஜூலையில் அமெரிக்காவில் கறுப்புக் கட்டம், டிசம்பரில் பிரிட்டனில் கட்டுப்பாடு. சான்டோஸ் இதற்குள் சீபா-கெய்கியோடு சேர்ந்து நோவார்ட்டிஸ் ஆகியிருந்தது. 2005ல் அவர்கள் உலகம் முழுக்க மெல்லரிலை நிறுத்திக்கொண்டார்கள். அதே 2005ல் சர்வதேச ஒழுங்குமுறைக் கூட்டமைப்பின் ஈ-14 என்ற வழிகாட்டு நெறி வந்தது. அதன்படி புது மருந்துகள் க்யூ.டி.யை எவ்வளவு நீட்டுகின்றன என்று சந்தைக்கு வரும் முன்பே பார்க்கவேண்டும். 5 மில்லிசெகண்ட் அளவு நீட்டினாலே கவனிக்கிறார்கள்.

பயம் கொஞ்சம் அந்தப் பக்கமும் அதிகமாகப் போனது என்று நினைக்கிறேன். டிரோபெரிடாலுக்கு 2001 டிசம்பரில் கறுப்புக் கட்டம் போட்டபோது மயக்க மருந்து நிபுணர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தியை நிறுத்த அவர்கள் கொடுத்துவந்தது மிகச் சிறிய டோஸ். செர்டின்டோல் ஐரோப்பாவில் ஈ.சி.ஜி. கண்காணிப்பு நிபந்தனையோடு திரும்பி வந்தது. சிப்ராசிடோன் மேல் இருந்த சந்தேகத்துக்காக 18,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஓலான்சபினோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2011ல் வந்த முடிவில், தற்கொலை அல்லாத மரணங்கள் கூடவில்லை. க்யூ.டி. எண் ஒன்றை மட்டும் வைத்து யார் சாவார் என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு ஆபத்து அதிகம். வயது, மெதுவான துடிப்பு, வாந்திபேதியால் பொட்டாசியம் இறங்குவது, கூடவே எரித்ரோமைசின் மாதிரி இன்னொரு மருந்து, பிறவிக் குறை இவையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேரும்போதுதான் பெரும்பாலும் விபத்து நடக்கிறது. மனச்சோர்வு மருந்துகளும் முழுக்கத் தப்பவில்லை. சிட்டலோபிராமை நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் தரவேண்டாம் என்று 2011ல் எஃப்.டி.ஏ. சொன்னது.

இனி அப்பாவின் கேள்வி. உண்மையா, பொய்யா?

உண்மைப் பகுதி: 2009ல் வேய்ன் ரே குழுவினர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மனநோய் மருந்து சாப்பிட்ட தொண்ணூறாயிரம் பேரை, சாப்பிடாத 1,86,600 பேரோடு ஒப்பிட்டார்கள். இதயத்தால் வரும் திடீர் மரணம் மருந்து சாப்பிடுபவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. பழைய மருந்து, புது மருந்து இரண்டிலும் அப்படித்தான். டோஸ் கூடினால் ஆபத்தும் கூடியது. இதை எந்த டாக்டரும் மறைக்கவில்லை, மருத்துவ இதழ்களிலேயே பிரபலமான ஒன்றில் வந்தது.

பொய்ப் பகுதி: அதனால் மாத்திரையை நிறுத்தினால் அதிக நாள் வாழலாம் என்பது. அதே 2009ல் ஃபின்லாந்தின் டீஹோனன் குழுவினர் மனச்சிதைவு நோயாளிகள் 66,881 பேரைப் பதினோரு வருடப் பதிவுகளில் பின்தொடர்ந்தார்கள். நீண்ட நாள் மருந்து சாப்பிட்டவர்களைவிட, சாப்பிடாதவர்களிடையே மரணம் அதிகம். பக்க விளைவுகளுக்காக எல்லோரும் பயப்படும் குளோசபின் சாப்பிட்டவர்களிடம்தான் மரணம் மிகக் குறைவு. இது பதிவேட்டு ஆய்வு, எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது. ஆனால் வாட்ஸப் செய்தியை எழுதியவர் இரண்டு மடங்கு என்ற எண்ணை எங்கிருந்து எடுத்திருந்தாலும், இந்த எண்ணை எடுக்கவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் அரை மணி நேரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ என்ன பண்ணணும்?" என்றார். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, ஒரு ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும் என்றேன். அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான்.

அத்தை இப்போது மறுபடி மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த தடவை டாக்டரிடம் நானும் கூடப் போனேன். ஈ.சி.ஜி. பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டு எழுதிக் கொடுத்தார். பழைய ஃபைலை முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். பத்து வருடச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனைகள், எடைக் குறிப்புகள் எல்லாம் இருந்தன. ஈ.சி.ஜி. ஒன்றுகூட இல்லை. கீழே லேபில் இருநூறோ முன்னூறோ ரூபாய், பத்து நிமிடம். க்யூ.டி. 428 என்று வந்தது. நன்றாக இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை எடுத்தால் போதும் என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அத்தை அந்தத் தாளை விரித்துப் பார்த்தார். "பத்து வருஷமா வர்றேன். இன்னைக்குத்தான்டா என் நெஞ்சுல கை வச்சுப் பார்த்திருக்காங்க" என்றார். கோபமாகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அது வெப்பத்தாள், வைத்திருந்தால் கோடு மங்கிவிடும் என்று சொல்லி, எதிரே இருந்த கடையில் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை ஃபைலில் வைத்தார். இன்னொன்றை நாலாக மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.